எட்டு மணிச் சொட்டை வென்ற படலம்

வாழ்க அவன் விழி! வாழ்க அவன் முழங்கால்! வாழ்க, அம்முழங்கால்கள் இரண்டையும் இரு ஞாயிற்றுக்கிழமைகள் தாங்கி, பஞ்சு பிதுங்கி, பத்தினிபோல் பொறுத்துக்கொண்ட அந்தப் பழந்தலையணை! கடைத்தெருவின் முனையில் கண்ணாடிக்கடை நடத்துபவனும், "இடது கண்ணைப் பொத்துங்க, வலது கண்ணால படிங்க" என்று நாளொன்றுக்கு நாற்பது பேரை ஆணையிட்டு அடக்குபவனும், பத்தடிக்கு அப்பால் ஒட்டிய தாளில் எறும்பளவு எழுத்தையும் எதிர்த்து நின்று வாசிக்கும் ஆற்றலாளனும், தன் வீட்டுப் பால்கனி முழுமைக்கும் தன்னிரு கரங்களாலேயே டைல்ஸ் பதித்தவனுமாகிய கண்ணாடிக்கார வீரனின் வெற்றியை இனிப் பாடப் போகிறோம். வாளியே, வந்து அருள்க! துடைப்பமே, நீயும் வந்து நாவில் நில்! வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.

அந்தத் தளத்தின் மாண்பை முதலில் கேளுங்கள். மாடி வீட்டின் முகப்பில், பதினாறடி நீளமும் ஐந்தடி அகலமுமாய் வானம் பார்த்துக் கிடக்கும் வெறுஞ்சிமெண்டுத் தரைக்கு மூன்றாண்டுகளுக்கு முன் டைல்ஸ் ஒட்ட வேண்டிய காலம் வந்தது. அப்போது, ஊரில் பாதி வீடுகளின் தரையைத் தன் மட்டப்பலகையால் அடக்கி ஆண்டவரும், வீட்டம்மாவின் உடன்பிறந்த அண்ணனும், தோளில் சுத்தியலும் வாயில் சிரிப்பும் எந்நேரமும் தாங்கியவருமான மேஸ்திரி மச்சான் எழுந்தருளி, "மாப்பிள்ளை, இது கண்ணாடி துடைக்கிற வேலை இல்ல. நான் ரெண்டே நாள்ல போட்டுத் தந்துட்டுப் போறேன்" என்று திருவாய் மலர்ந்தார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் 'கண்ணாடி துடைக்கிற' என்ற இரண்டு சொற்கள் வீரனின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து, முள் ஆணியாகி, ஆணி கடப்பாரையாகி, அன்றே அவன் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கலவைச் சட்டி ஏந்தினான். மச்சானுக்கு இரண்டு நாள் ஆகும் வேலை அவனுக்குப் பதினொரு நாள் ஆனது.

ஆனாலும் முடித்தான் ஐயா, முடித்தான். பிறந்ததிலிருந்து அவன் தன் கையால் செய்து முடித்த பெரும்பொருள் அது ஒன்றுதான். கண்ணாடி வில்லை ஆலையிலிருந்து வருகிறது, சட்டம் பெட்டியில் வருகிறது, அவன் இரண்டையும் பொருத்தித் தருகிறான்; தளம் மட்டுமே அவன் முதுகு வலித்து உண்டாக்கியது. வந்த விருந்தாளிகளை எல்லாம் உட்காரச் சொல்வதற்கு முன் பால்கனிக்கு அழைத்துப்போய்க் காட்டினான். குனிந்து பார்க்காதவர்களுக்குக் காபி தாமதமாகவே வந்தது.

அதோடு விட்டானா? விடவில்லை. மூன்றாண்டு நிறைவை முன்னிட்டு, இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பித்தளைத் தகடு செய்வித்தான். தகட்டில் எழுத்தை எப்படி அடுக்குவது என்று பொறிப்பவர் கேட்டபோது, தனக்குத் தெரிந்த ஒரே அடுக்கை அவன் வரைந்து கொடுத்தான். கண் பரிசோதனைத் தாளைப் போல முதல் வரி விரற்பருமன், இரண்டாம் வரி அதில் பாதி, இப்படியே தேய்ந்து தேய்ந்து இறங்கி, 'இத்தளம் / முழுவதும் / இவ்வீட்டுக்காரரின் / சொந்தக் கையால் / பதிக்கப்பட்டது' என்று ஐந்து வரி. அதற்கும் கீழே, கடுகை நான்காய்ப் பிளந்தாற்போல் ஆறாவது வரி ஒன்று. அதில் என்ன இருந்தது என்பது பொறித்தவருக்கும் பொறிக்கச் சொன்னவனுக்கும் மட்டுமே தெரியும். வீட்டம்மா அதைத் தகட்டின் ஓரக்கோடு என்று நினைத்திருந்தாள்.

தரையோடு தரையாகச் சுவரடியில் சுற்றி ஓடும் உள்ளங்கை உயர டைல்ஸ் ஓட்டு வரிசையில், வாசற்கதவுக்கு இடப்புறம், தரைக்கு நான்கு விரற்கடை மேலே, துளைப்பான் கொண்டு இரண்டு துளையிட்டு, இரண்டு திருகாணியால் அந்தத் தகட்டை அவனே இறுக்கினான். அன்று முதல் நாள்தோறும், ஏழே முக்கால் மணிக்கு, ஒரு குவளை நீரை அதன்மேல் ஊற்றி, கண்ணாடி துடைக்கும் மென்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டே வேறு வேலை பார்த்தான்.

இனிப் பகைவனைச் சொல்வோம். அவனுக்கு உருவம் இல்லை, உறுப்பு இல்லை, குரல் உண்டு. 'டொப்' என்பது அவன் போர்முழக்கம். கீழ்வீட்டில், அந்தப் பால்கனிக்கு நேர் அடியில் உள்ள முன்னறையில், தையல் இயந்திரத்தை ஓட்டிப் பிழைக்கும் தையற்காரம்மாவின் தலைக்கு மேலே, கூரையில் தேநீர்க் கறைபோல் ஒரு வட்டம் எழுந்தது. வட்டம் வளர்ந்து, வட்டத்தின் நடுவில் ஒரு முத்துத் திரண்டு, முத்து விழுந்தது. எதன்மேல் விழுந்தது? மருத்துவமனைத் தாதியருக்காக அவர் வெட்டி வைத்திருந்த வெள்ளைச் சீருடையின் காலர்மேல் விழுந்தது. இருபத்திரண்டு வெள்ளைச் சீருடைகள், பத்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டியவை. இயந்திரத்தை நகர்த்தலாம் என்றால் சுவரில் மின்சாரத் துளை இருப்பது அந்த ஒரு மூலையில்தான்.

தையற்காரம்மா மாடிப்படி ஏறி வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, பள்ளி ஆசிரியையான வீட்டம்மாவை நோக்கி அறைகூவினார். "டீச்சர், மழை பெஞ்சா ஒழுகுதுன்னா சரி, புரிஞ்சுக்கலாம். வெயில் மண்டையைப் பொளக்குது, அப்பவும் ஒழுகுது. தினம் காலையில டாண்ணு எட்டு மணிக்கு. கடிகாரமே வேண்டாம் எனக்கு. தலையில சொட்டினா எட்டு!"

இந்தச் சொல்லில் எல்லாம் அடங்கியிருந்தது. கேட்டவர் எவரும் எட்டு மணிக்கு முன்னால் மேலே என்ன நடக்கிறது என்று ஒரு கணம் எண்ணியிருக்கலாம். நம் வீரனோ எண்ணவில்லை. கண்டுபிடிக்கும் வேலையை அவன் எப்போதும் கண்ணிடமே ஒப்படைப்பவன்.

ஆகவே முதற்போர் மூண்டது. அடுத்து வந்த ஞாயிறு, விடியலில், தலையணையை மண்டியடியில் இட்டு, பழைய பல்துலக்கியை வலக்கையிலும் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்த கிண்ணத்தை இடக்கையிலும் ஏந்தி, கடையிலிருந்து கொணர்ந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கு ஒவ்வொன்றையும் சுரண்டினான், ஊதினான், நிரப்பினான், வழித்தான். குறுக்கே பதினைந்தும் நெடுக்கே நான்குமாய் ஓடிய அத்தனை கோடுகளையும் அவன் தவழ்ந்தே கடந்தபோது பொழுது சாய்ந்து, அவன் நிமிர முயன்று, நிமிராமலேயே உள்ளே போனான். மறுநாள் காலை ஏழே முக்காலுக்குத் தகட்டைக் கழுவித் துடைத்து, வெற்றிச் செய்தி கேட்கச் செவியைத் தீட்டி நின்றான். எட்டு மணிக்குக் கீழே 'டொப்' என்றது.

அப்போது எழுந்தாள் வீட்டம்மா. பள்ளிக்கூடத்தில் முப்பது ஆசிரியருக்கும் கால அட்டவணை வகுத்து, ஒரு மணி அடித்தால் ஆயிரம் பிள்ளைகளை அசைப்பவள். சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் நின்று, கரண்டியைச் செங்கோலாய் உயர்த்தி, பிரகடனம் செய்தாள். "என்னங்க, நல்லாக் கேட்டுக்குங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அண்ணன் வர்றாரு. அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சிட்டா சரி. இல்லேன்னா மொத்த டைல்ஸையும் பேர்த்துப் போட்டுட்டுப் புதுசா ஒட்டச் சொல்லிட்டேன். பாவம், அந்தம்மா எத்தனை நாளைக்குத் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத் தைப்பாங்க?"

பேர்ப்பதா! பதினொரு நாள் முதுகை ஒடித்துப் பதித்ததைப் பேர்ப்பதா! அதுவும் மச்சானின் சுத்தியலாலா! வீரன் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தான். அன்றிரவு படுக்கையில் புரண்டான், சுத்தியல் ஓசை கேட்டு விழித்தான், அது மின்விசிறியின் ஓசை என்றறிந்து மீண்டும் படுத்தான்.

சனிக்கிழமை மாலை இரண்டாம் போர். "தரையில்தானே பகைவன் புகுகிறான்? தரையையே கடலாக்குவேன். அக்கடலுக்கு நிறமும் ஏற்றுவேன். எந்த வழியாய் அவன் இறங்குகிறானோ அந்த வழி நிறம் காட்டிக் கொடுக்கும்!" என்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, யாரும் இல்லாத பால்கனியில் முழங்கினான். தன் பழைய காலுறைக்குள் மணல் நிரப்பி நீர் வெளியேறும் துளையை அடைத்தான். குளியலறையிலிருந்து வாளி வாளியாய் நீர் சுமந்து, பதினாறடிக்கும் ஐந்தடிக்கும் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஒரு கடல் சமைத்தான். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில், சொட்டு என்று எழுதியிருப்பதைக் கண்டும் காணாதவனாய், புட்டி முழுவதையும் கவிழ்த்தான். கணுக்கால் வரை நீலமாகி, அக்கடலின் நடுவே அவன் நின்ற கோலத்தைச் சொல்ல நமக்குச் சொல் போதாது. எதிர்வீட்டுப் பூனை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது.

செய்தி கேட்டுக் கீழ்வீட்டில் அலறல் எழுந்தது. "நீலமா? சார், எல்லாமே வெள்ளைத் துணி சார்! ஒரு சொட்டு விழுந்தாலும் நான் செத்தேன்!" தையற்காரம்மா சீருடைகளை எல்லாம் மூட்டை கட்டிப் படுக்கையறைக் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டு, கூரையை நோக்கிய வாளியோடு காவல் இருந்தார். ஆறு மணி ஆயிற்று, ஏழாயிற்று, பத்தாயிற்று. கடல் ஒரு நூலளவும் குறையவில்லை. கீழே ஒரு துளியும் விழவில்லை. "தரை குற்றமற்றது! என் தளம் கற்புடையது!" என்று வீரன் கூத்தாடினான். வீட்டம்மா, நீலக் காலோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று வாசலில் செய்தித்தாள் விரித்தாள்.

விடிந்தது ஞாயிறு. ஞாயிறென்றால் கடைக்கு விடுமுறை. தகட்டுக்கு உண்டோ விடுமுறை? ஏழே முக்காலுக்கு வீரன் கடலுக்குள் சளக் சளக்கென்று நடந்துபோய், நீர்மட்டத்துக்கு மேலே தலைநிமிர்ந்து மின்னிக்கொண்டிருந்த தகட்டின்மேல் குவளை நீரை ஊற்றி, துடைத்து, திரும்பினான். எட்டு மணிக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"சார்! சொட்டிருச்சு! ஆனா நீலம் இல்ல சார். அதே டீ கலர்தான்!"

கேட்டீர்களா கொடுமையை! மேலே நீலக் கடல் ததும்பி நிற்க, கீழே நிறமாறாத் துளி விழுகிறதென்றால் பகைவன் எவ்வழி வந்தான்? வீரன் நிலைகுலைந்தான். மேல்மாடிக் குழாயைச் சந்தேகித்தான். மேல்மாடியே கிடையாது என்பது பிறகு நினைவுக்கு வந்தது. காற்றின் ஈரத்தைச் சந்தேகித்தான். பக்கத்துச் சுவரைச் சந்தேகித்தான். கடைசியில் தையற்காரம்மாவையே ஒரு நொடி சந்தேகித்து, அந்த எண்ணத்துக்காக வெட்கி, காலுறையைப் பிடுங்கிக் கடலைத் திறந்துவிட்டு, வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நீர் வடிந்ததும் தெரிந்தது, போன வாரம் வெள்ளை வெளேரென்று அவன் பூசிய அத்தனை இடுக்கும் வானநீலமாகியிருந்தது. அழுகை வந்தது அவனுக்கு. உண்மையாகவே வந்தது.

வீட்டம்மா அவனருகே வந்து அமர்ந்தாள். கோபமாகத்தான் வந்தாள், நீலக் காலைப் பார்த்ததும் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. அட்டவணை போடுபவள் அல்லவா, நேரத்திலிருந்துதான் தொடங்கினாள்.

"எட்டு மணிக்குத்தானே சொட்டுது? எட்டு மணிக்கு முன்னாடி இங்க யாரு வர்றா?"

"யாரும் வர்றதில்ல. நான் மட்டும்தான்."

"வந்து என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லையே. தகட்டைக் கழுவுறேன், துடைக்கிறேன், போறேன்."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. இருவரும் மெல்ல, மிக மெல்ல, ஒருசேரத் தலையைத் திருப்பினார்கள். காலைக் கதிரில் தகட்டின் இரு திருகாணிகளும் இரு கண்களாய் அவர்களைப் பார்த்து மின்னின.

வீரன் தவழ்ந்தான். உருப்பெருக்கியைக் கண்ணில் செருகினான். இடத் திருகாணியின் கழுத்தைச் சுற்றி, மயிரிழையிலும் மெல்லிய ஒரு பிளவு! இருந்தாலும் நீதி தவறலாகாது என்று, சோதனை முறைப்படி நடந்தது. தகட்டுக்கு ஒரு முழம் இடப்புறம் சுவரில் ஒரு குவளை ஊற்றினான். கால் மணி காத்தான். கீழே மௌனம். வலப்புறம் ஒரு குவளை. மறுபடி கால் மணி. மறுபடி மௌனம். மூன்றாம் குவளையைத் தகட்டின் நெற்றியிலேயே, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினான். கால் மணி கழிந்தது.

"வருது சார்! வந்திருச்சு!" என்று தையற்காரம்மா கீழிருந்து கத்திய கத்தலில் ஒரு மகிழ்ச்சியே இருந்தது.

தளம் ஒழுகவில்லை. தளத்தைப் புகழ்ந்த தகடு ஒழுகியது. மழைக்கும் வெயிலுக்கும் மூன்றாண்டு அசையாத டைல்ஸையும், அதன் பின்னிருந்த நீர்காப்புப் பூச்சையும் துளைத்து வழி சமைத்தவன் வீரன். அந்த வழியில் நாள்தோறும் குவளை குவளையாய்ப் பகைவனை அனுப்பி வைத்தவனும் அவனே. வீட்டம்மா சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்து, கடித்த உதடு நழுவி, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சமையலறையிலிருந்து அவள் சிரிப்பு வெகுநேரம் கேட்டது.

இறுதிப் போர் சுருக்கமானது. திருகாணிகளைக் கழற்றினான்; துளையிலிருந்து ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்த்து வழிந்தது. வீட்டம்மாவின் கூந்தல் உலர்த்தியை இரவல் பெற்று, இரு துளைகளின் வாயிலும் அரைமணி நேரம் அனற்காற்று வீசினான். காடியின் புளித்த வாடை வீசும், துளை அடைக்கும் சிலிக்கான் பசைக் குழாயின் மூக்கை அறுத்து, துளைக்குள் செலுத்தி, நிறைந்து பிதுங்கும்வரை அழுத்தி, சோப்புநீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் நீவினான். பிறகு பத்து மணி முதல் நான்கு மணி வரை, ஈயும் அதன்மேல் அமராதபடி விசிறியோடு காவல் இருந்தான். நான்கு மணிக்கு ஒரு குவளை அல்ல, ஒரு வாளியையே அதன்மேல் கொட்டினான். கால் மணி, அரை மணி, முக்கால் மணி.

"வரல சார்! சொட்டுக்கூட இல்ல! நான் துணியெல்லாம் எடுத்துட்டு வந்து தைக்க உக்காரப் போறேன்!"

கீழே இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அந்த ஓசையைவிட இனிய இசையை வீரன் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் மணி நாலே முக்கால். மச்சான் வரும் நேரம். அவன் தகட்டை எடுத்துச் செருப்பு அலமாரிக்குள், கிழிந்த குடைக்குப் பின்னால் ஒளித்தான். ஏனென்றால் அந்த ஆறாவது வரி.

ஐந்து மணிக்கு மச்சான் வந்தார், தோளில் சுத்தியல், வாயில் சிரிப்பு. மாப்பிள்ளையின் நீலக் காலைப் பார்த்தார். நீல இடுக்குகளைப் பார்த்தார். சுவரடியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தார். நாற்பதாண்டு தரை பார்த்த கண்ணுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தளம் கல்லு மாதிரி இருக்கு மாப்பிள்ளை. இதைப் போய்ப் பேர்க்கவா என்னைக் கூப்பிட்டீங்க? ஆமா, இங்க ஏதோ மாட்டியிருந்தீங்களாமே, தங்கச்சி சொல்லுச்சு. எங்க அது?"

வீட்டம்மா ஒன்றும் அறியாதவளாய்க் குடையை நகர்த்தித் தகட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். மச்சான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். போன மாதம் வீரனே அவர் கண்ணை மும்முறை சோதித்து, தன் திறமை அனைத்தும் திரட்டிச் செய்து கொடுத்த கண்ணாடி. முதல் வரி வாசித்தார். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதையும் தாண்டி அவர் விழி இறங்கியது.

"நல்லா செஞ்சிருக்கீங்க மாப்பிள்ளை இந்தக் கண்ணாடியை. கடைசி வரி வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது." பிறகு உரக்க வாசித்தார். "'மச்சான் உதவி சிறிதுமின்றி.'"

வானம் இடியவில்லை. இடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று வீரன் நினைத்தான். வீட்டம்மா அவனைப் பார்த்த பார்வையில் வரப்போகும் ஒரு மாதத்தின் கால அட்டவணை முழுவதும் எழுதியிருந்தது.

"மச்சான், அது வந்து... அன்னைக்கு நீங்க கண்ணாடி துடைக்கிறதுன்னு சொன்னது மனசுல..."

"சொன்னேனா? சொல்லியிருப்பேன். என் வாயி அப்படி" என்றார் மச்சான். சுத்தியலைச் சுவரோரம் சாத்தினார். மிச்சமிருந்த சிலிக்கான் குழாயை எடுத்தார். தகட்டின் முதுகில் நான்கு மூலைக்கும் நான்கு பொட்டு வைத்தார். முழங்கால் மடக்கி அமர்ந்து, அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் மறையும்படி, அதே இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். "ஆணி அடிச்சா மறுபடியும் ஒழுகும் மாப்பிள்ளை. ஒட்டினா போதும். நாளைக்கு வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க."

இவ்வாறு, நீலக்கடல் கடைந்தும் காணாப் பகைவனைக் குவளை நீரால் கண்டவனும், பதினொரு நாட்பணியைச் சுத்தியலினின்று மீட்டவனும், இருபத்திரண்டு வெண்சீருடைகளின் மானம் காத்தவனும், தன் ஆறாம் வரியைத் தன் கைவண்ணக் கண்ணாடியாலேயே வாசிக்கப் பெற்று, அவ்வரியின் கீழ்த் தலைகுனிந்து, தலைகுனிந்த நிலையிலேயே மச்சானுக்குத் தேநீர் ஏந்தியவனுமாகிய நீலத்தாள் வேந்தனின் புகழ், தரை உள்ளளவும், தரைமேல் டைல்ஸ் உள்ளளவும், டைல்ஸின்மேல் ஈரம் உள்ளளவும் நின்று நிலவுக!

தகடு மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது.